குடம் சுமந்த ஆசார்யர் – பெரிய திருமலை நம்பிகள் சரிதம்



சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டை அடுத்து வாழவந்தி என்றொரு கிராமம் உண்டு. காப்பித் தோட்டங்களும், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த அவ்வூரில், வங்கிப் பணியினின்று ஓய்வு பெற்ற பின் ஆண்டில் சில மாதங்களைக் கழித்து வருகிறோம். எமது வீட்டு வாசலில் குழாய் இருக்கிறது. ஆயினும் திருவாராதனத்துக்கு வேண்டிய தீர்த்தத்தை மட்டும் தோட்டத்தின் கீழ்க்கோடியிலுள்ள சுனையினின்று ஒரு சிறு பித்தளைக் குடத்தில் கொணர்வது என்று, இங்கு வந்த முதல் ஆண்டிலேயே ஸங்கல்பம் செய்துகொண்டோம். இறங்க ஐந்து நிமிடம், ஏறப் பத்து நிமிடம். அவ்வளவே அந்தக் கைங்கர்யம்.

சென்ற ஐப்பசியில் அது நின்றுபோயிற்று. முதல் நாள் மழையில் பாறை வழுக்கிற்று, போகவில்லை. இரண்டாம் நாள் முழங்கால் வலி. மூன்றாம் நாள் மழையும் இல்லை, வலியும் இல்லை, ஆயினும் போகவில்லை. இரண்டு நாள் விட்டவன் மூன்றாம் நாள் எந்த முகத்தோடு போவது என்ற வெட்கமே தடுத்தது. இப்படிப் பத்தொன்பது நாட்கள் குடம் திண்ணையில் கவிழ்ந்தே கிடந்தது. பணிக்காலத்தில் இவ்வெட்கத்தைப் பிறரிடம் நிறையக் கண்டிருக்கிறோம். ஆர்.டி. கணக்கில் மாதந்தோறும் தவறாமல் கட்டி வந்தவர், ஒரு தவணை தவறினால் அபராதம் சில ரூபாய்தான். ஆனால் அவர் கவுண்டருக்கு வரக் கூசுவார். மூன்றாம் மாதம் வந்து கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். தவறிய தவணையால் ஏற்பட்ட நஷ்டம் சிறிது. கூச்சத்தால் ஏற்பட்டதே பெரிது. எமக்கு அந்நாளில் இது வேடிக்கையாயிருந்தது.

அந்தப் பத்தொன்பது நாட்களுக்குள், இவ்விதழுக்காகப் பெரிய திருமலை நம்பிகளின் சரிதத்தை மீண்டும் வாசிக்க நேர்ந்தது. குடம் சுமந்தவர் என்று உலகம் அறிந்த ஆசார்யர் அவர். தலை குனிந்தபடியேதான் வாசித்தோம்.

நம்பிகளின் திருநக்ஷத்திரம் வைகாசியில் ஸ்வாதி. ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்தவர். வடமொழியில் ஸ்ரீசைலபூர்ணர் என்பர். எம்பெருமானாருக்கு ஆசார்யர்களாய் வாய்த்த ஐவரும் ஆளவந்தாரின் சிஷ்யர்களே. பெரிய நம்பி பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளினார். திருக்கோட்டியூர் நம்பி ரஹஸ்யார்த்தம் அருளினார். திருமாலையாண்டான் திருவாய்மொழிப் பொருளும், திருவரங்கப்பெருமாளரையர் மற்றை அருளிச்செயல்களும் உபதேசித்தனர். ஸ்ரீராமாயணம் நம்பிகளின் பங்காயிற்று. ஆனால் உபதேசத்துக்கு வெகு காலம் முன்பே அவர் எம்பெருமானாருக்கு உறவினர். அவருடைய ஸஹோதரிகளுள் ஒருவரான காந்திமதி அம்மையார் ஸ்ரீபெரும்புதூர் ஆஸூரி கேசவ ஸோமயாஜியின் தேவி. மற்றொருவரான த்யுதிமதி அம்மையார் மழலைமங்கலத்துக் கமலநயன பட்டரின் தேவி. முன்னவரின் திருக்குமாரர் ராமாநுஜர். பின்னவரின் திருக்குமாரர் எம்பார் என்று நாம் கொண்டாடும் கோவிந்தப் பெருமாள். 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் மருமான் பிறந்த செய்தி கேட்டு நம்பிகள் திருமலையினின்று இறங்கிவந்து, குழந்தையின் திருமேனி லக்ஷணங்களைக் கண்டு, இளைய பெருமாளை நினைந்து இளையாழ்வார் என்று திருநாமம் சாற்றினார் என்பது குருபரம்பரை.

அக்காலத் திருமலையை இன்றைய திருமலையாக எண்ணிக்கொள்ளலாகாது. ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் அடர்ந்த காடு, பனி, கொடிய விலங்குகள். அங்கே குடியிருந்து கைங்கர்யம் செய்வோர் மிகச் சிலர். ஆயினும் திருக்கோயிலில் நித்திய ஆராதனம் முறைப்படி நடந்து வந்தது. காடவன் பெருந்தேவி என்னும் சாமவை, இன்று போக ஸ்ரீநிவாஸர் என்று வழங்கும் வெள்ளித் திருமேனியை எழுந்தருளப் பண்ணி நிலமும் ஆபரணங்களும் ஸமர்ப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அதன் காலம் கி.பி. 966 என்பர் ஆய்வாளர். அந்தத் திருமேனிக்கு நித்தியம் திருமஞ்சனம். திருமஞ்சனம் என்றால் தீர்த்தம் வேண்டும். தீர்த்தம் என்றால் ஒருவர் போய்க் கொண்டுவர வேண்டும். அந்த ஒருவராக நம்பிகள் தம்மை ஆக்கிக்கொண்டார்.

கோயிலை ஒட்டியே ஸ்வாமி புஷ்கரிணி இருக்கிறது. நம்பிகளோ பாபவிநாசத்துக்குச் சென்றார். அருவியாய் இறங்கும் அந்தத் தீர்த்தம் திருக்கோயிலுக்கு ஏறக்குறைய 5 கி.மீ. தொலைவில் உள்ளது. போக வர 10 கி.மீ.; திரும்பும்போது தலையில் நிறைகுடம். வணிகவியல் படித்த பழக்கத்தால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆண்டொன்றுக்கு 3,650 கி.மீ. ஆகிறது. ஸ்ரீநகரினின்று கன்னியாகுமரி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 44 ஏறக்குறைய 3,745 கி.மீ. நம்பிகள் ஒவ்வோர் ஆண்டும் பாரத தேசத்தின் நீளத்தைக் கிட்டத்தட்ட ஒருமுறை நடந்திருக்கிறார். அதில் பாதி தூரம் குடத்தோடு. அதே கணக்கில் முப்பது ஆண்டுகள் என்று கொண்டால் பூமியை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிய தூரம். ஆனால் இந்தத் தொகைகள் எம் போன்றோர் பேரேட்டில் எழுதிக்கொள்பவை. அவர் கையிலிருந்தது அன்றைய குடம் ஒன்றே. நேற்றைய தீர்த்தம் நேற்றே திருமஞ்சனத்தில் செலவாகிவிட்டது. நாளைக்கு வேண்டியதை இன்று சேர்த்து வைக்கவும் இயலாது. இருப்பு என்று ஒன்று சேராத கைங்கர்யம் இது. மாலை முடிவில் கணக்கு எப்போதும் பூஜ்யம்.

இப்படி முதுமை எய்தியபின் ஒருநாள் நடந்ததை ஸ்ரீவைஷ்ணவர் யாவரும் அறிவர். பாபவிநாசத்தினின்று குடத்துடன் வருகையில் வேடுவச் சிறுவன் ஒருவன் எதிர்ப்பட்டு, தாதா என்று விளித்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். எம்பெருமானுக்குரிய தீர்த்தம், தருவதற்கில்லை என்று சொல்லி நம்பிகள் நடந்தார். சிறுவன் பின்னாலேயே வந்து குடத்தில் அம்பெய்து, துளை வழியே ஒழுகிய நீரைப் பருகினான். குடம் இலேசாகிப் போனதைச் சற்றுப் பின்னரே உணர்ந்த நம்பிகள், திருமஞ்சன வேளை தவறுமே, திரும்பவும் அவ்வளவு தூரம் போய்வர உடலில் வலுவில்லையே என்று கலங்கி நின்றார். வேடுவனோ அவரை அருகிலிருந்த மலைச்சரிவுக்கு அழைத்துச் சென்று, பாறையில் ஓர் அம்பைச் செலுத்தினான். அங்கே நீர் பெருகிற்று. இனி இதனைக் கொண்டே கைங்கர்யம் நடக்கட்டும் என்று காட்டிவிட்டு மறைந்தான். அதுவே ஆகாச கங்கை. திருக்கோயிலுக்கு ஏறக்குறைய 3 கி.மீ. தூரந்தான்.

வந்தவன் திருவேங்கடமுடையான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பிரமனுக்கே தகப்பனானவன் தம்மைத் தாதா என்று அழைத்ததால் நம்பிகளின் வம்சத்தார் தாதாசார்யர் எனப் பெயர் பெற்றனர். பிதாமஹனுக்கும் பிதாமஹர் என்றே அவருடைய தனியனும் அவரைப் போற்றுகிறது. ஆனால் எமக்கு இந்த ஐதிஹ்யத்தில் வேறொன்று நெஞ்சைத் தொடுகிறது. எம்பெருமான் தூரத்தைக் குறைத்தான். குடத்தை இறக்கி வைக்கச் சொல்லவில்லை. வயதாயிற்று, இனி ஓய்ந்திரும் என்று நியமித்திருக்கலாம். போக வர 10 கி.மீ. நடந்தவர்க்கு 6 கி.மீ. என்று ஆக்கிக்கொடுத்து, அவருடைய கைங்கர்யத்தை அவரிடமே விட்டுவைத்தான். முதியவர்களுக்கு நாம் செய்யும் உபகாரங்களை நினைத்துப் பார்க்கிறோம். அப்பா, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், உட்காருங்கள் என்று சொல்லி, அவர்கள் கையிலிருந்த கடைசி வேலையையும் வாங்கிவிடுகிறோம்.

மருமானுக்கும் தண்ணீர்க் குடத்தில்தான் கைங்கர்யம் தொடங்கிற்று என்பதை இங்கே சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது. யாதவப்பிரகாசருடைய கோஷ்டியோடு காசி யாத்திரை போன இளையாழ்வார், கோவிந்தர் எச்சரித்ததால் விந்தியக் காட்டில் பிரிந்து நின்றபோது, வேடனும் வேடுவிச்சியுமாக வந்து வழிகாட்டிய திவ்ய தம்பதிகள், காஞ்சிக்கு அருகே ஒரு கிணற்றண்டை தண்ணீர் கேட்டனர். முகந்து தந்தார், மறைந்து போயினர். பின்பு திருக்கச்சி நம்பிகளின் நியமனப்படி, செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றினின்று பேரருளாளனுக்கு நாள்தோறும் தீர்த்தக் குடம் சுமந்தார். பின்னாளில் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்த திருக்கைகள் முதலில் பழகியது குடத்துக்கே. மாமனிடமும் மருமானிடமும் எம்பெருமான் வேடனாகவே வந்து தண்ணீரே கேட்டான். மருமான் கொடுத்தார், மாமன் மறுத்தார். இருவர் செய்ததும் அவன் திருவுள்ளத்துக்கு உகப்பாயிற்று.

வாழவந்திப் பக்கத்து மலையாளி மக்களிடையே வழங்கும் ஒரு பழங்கதையும் காஞ்சியைத் தொடுகிறது. (கேரளத்தாரைக் குறிக்கவில்லை, சேர்வராயன், கல்ராயன் முதலிய மலைகளில் வாழும் பழங்குடியினர்க்கு மலையாளிகள் என்று பெயர்.) கரிராமன் என்னும் தம் தெய்வத்தோடு முன்னோர் காஞ்சியினின்று புறப்பட்டு வந்ததாகவும், பெரியண்ணன் சேர்வராயன் மலையில் குடியேறியதாகவும் அவர்கள் கூறுவர். கரிகிரிப் பெருமாளாகிய வரதனின் எதிரொலி அந்தப் பெயரில் கேட்பதாக எமக்கொரு நினைவு. ஊகந்தான், அன்பினால் வந்த ஊகம்.

எம்பெருமானார் திருமலைக்கு எழுந்தருளிய வரலாற்றுக்கு வருவோம். திருமலை முழுவதும் ஆதிசேஷனே ஆகையால் திருவடி படலாகாது என்று அவர் மலையடிவாரத்திலேயே தங்க, அடியார்கள் வேண்டியபின் ஏறினார். அப்போது முதியவரான நம்பிகள் தாமே தீர்த்த ப்ரஸாதங்களைச் சுமந்துகொண்டு எதிரே வந்தார். இதற்கு யாரேனும் சிறியவரை அனுப்பலாகாதா என்று எம்பெருமானார் பதறி விண்ணப்பிக்க, நான்கு வீதியிலும் தேடிப் பார்த்ததில் தம்மிலும் சிறியவர் ஒருவரும் அகப்படவில்லை என்று நம்பிகள் ஸாதித்தார். இதை நைச்யாநுஸந்தானமென்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். நாள் தவறாமல் குடம் சுமந்த ஒருவர்க்கு இது மிக இயல்பான சொல் என்றே அடியோங்களுக்குப் படுகிறது. சுமப்பதில் பெரியவர், சிறியவர் என்ற எண்ணமே அவர்க்கு மறந்து போயிருக்கும்.

மலையில் மூன்று இரவுகள் தங்கியபின் எம்பெருமானார் கீழே இறங்கி, அடிவாரத்தில் ஓராண்டு இருந்து நம்பிகளிடம் ஸ்ரீராமாயணம் கேட்டார். திருமலையில் வழங்கும் ஐதிஹ்யத்தின்படி, நம்பிகளே நாள்தோறும் மலையினின்று அலிபிரிக்கு இறங்கி வந்து, காலக்ஷேபம் ஸாதித்துவிட்டுத் திரும்ப ஏறுவார். இன்று அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். தூரம் 9 கி.மீ. படிகள் பிற்காலத்தவை. நம்பிகள் காலத்தில் கரடுமுரடான மலைப்பாதையே.

இங்கேதான் அவருக்கு ஒரு ஸங்கடம் வந்தது. கீழே ஸ்ரீராமாயணம் நடக்கும் வேளையில் மேலே திருவேங்கடமுடையானுக்கு உச்சிப்போது ஆராதனம் நடக்கும். அத்தனை ஆண்டுகள் விடாமல் அந்த வேளையில் திருமுன்பே நின்றவர்க்கு இப்போது அந்த ஸேவை தவறுகிறது. ஒருநாள் இருநாள் அன்று, ஒவ்வொரு நாளும். ஆசார்யன் நியமித்த உபதேசத்தை விடவும் இயலாது. உச்சிப்போது ஸேவையை மறக்கவும் இயலாது. ஒரு கைங்கர்யம் இன்னொரு கைங்கர்யத்தைத் தடுக்கிறது. சோம்பலால் விட்டவர்க்குத் திருந்தச் சொல்லலாம். இவர்க்கு என்ன சொல்வது? அவர் வருந்தினார். ஆனால் மறுநாளும் இறங்கினார். அதற்கு மறுநாளும் இறங்கினார். மேலே போனால் பெருமாள் திருமுகத்தை எப்படிப் பார்ப்பது என்று தயங்கி மலைக்கு ஏறாமலிருந்தாரும் அல்லர். தவறிவிட்டதே, இனி எதற்கு என்று குடத்தை வைத்தாரும் அல்லர்.

அந்த வருத்தத்தைத் திருவேங்கடமுடையான் பொறுக்கவில்லை. கனவில் தோன்றி, நீர் இருக்குமிடத்திலேயே யாம் ஸேவை தருகிறோம் என்பதாக அருளினான். மறுநாள் அலிபிரியில் காலக்ஷேபம் நடக்கும் இடத்தில் அவன் திருவடிச் சுவடுகள் கண்டெடுக்கப்பட்டன. உச்சிப்போதில் நம்பிகள் அவற்றையே ஸேவித்துக்கொண்டார். மலையேறத் தொடங்குவோர் இன்றும் அடிவாரத்தில் ஸ்ரீபாத மண்டபத்தில் வணங்குவது அந்தத் திருவடிகளைத்தான். பெருமாளின் பாதரக்ஷைகளைத் தலையில் தாங்கிக்கொண்டு அங்கே பக்தர்கள் வலம் வருவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த மண்டபம் ஒரு முதியவர்க்குத் தவறிப்போன வேளைகளுக்காக ஏற்பட்டது என்பதை வெகு காலம் யாம் அறியவில்லை.

ஓராண்டு முடிந்து எம்பெருமானார் விடைபெறும்போது நம்பிகள் ஏதேனும் பெற்றுக்கொள்ளும்படி சொல்ல, எம்பெருமானார் கோவிந்தரை வேண்டினார். ஆசார்யனுக்குப் படுக்கை விரித்தால் முதலில் தாம் படுத்து, உறுத்துகிறதா என்று பார்த்துவிடும் கோவிந்தர் அவர். அந்த அபசாரத்துக்குத் தமக்கு நரகமே வரினும் ஆசார்யன் திருமேனிக்கு நோவு வாராதே என்று எண்ணியவர். நம்பிகள் தத்தம் செய்து கொடுத்தார். போன கோவிந்தர் பிரிவாற்றாது உடல் மெலிய, எம்பெருமானார் அவரைத் திருப்பி அனுப்பினார். வந்து வாசலில் நின்றவரை நம்பிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தேவிகள் இரங்கி, அமுது செய்தாவது அனுப்பலாகாதா என்று கேட்க, விற்ற பசுவுக்குப் புல்லிடுவாருண்டோ என்ற கருத்தில் மறுத்துவிட்டார். முதன்முறை கேட்போர்க்கு இது கடுமையாகத் தோன்றும், எமக்கும் தோன்றியதுண்டு. கோவிந்தரோ அந்த மறுப்பின் பொருளை உணர்ந்து எம்பெருமானாரிடமே மீண்டு, முடிவுவரை அவர் நிழலாயிருந்தார்.

நம்பிகளின் திருக்குமாரரே திருக்குருகைப்பிரான் பிள்ளான். எம்பெருமானாரின் நியமனத்தால் திருவாய்மொழிக்கு முதல் வியாக்யானமாகிய ஆறாயிரப்படியை அருளியவர். ஒரு படி என்பது 32 எழுத்து. 6,000 படிக்கு ஏறக்குறைய 1,92,000 எழுத்துக்கள். ஓலையில் எழுத்தாணியால் ஒவ்வொன்றாகக் கீறியவை. தந்தை குடம் குடமாகச் சுமந்ததைப் பிள்ளை எழுத்து எழுத்தாகச் சுமந்தார் போலும். இவ்விதழின் வாசகர்கள் ஆறாயிரப்படியை எடுக்கும்போது அந்தத் திருமாளிகையையும் ஒருகால் நினைப்பார்களாக.

திருமலைத் தெற்கு மாட வீதியில் நம்பிகளுக்குத் தனி ஸந்நிதி இருக்கிறது. அத்யயனோத்ஸவம் நிறைவுற்ற மறுநாள் தண்ணீரமுது உத்ஸவம் நடைபெறும். தீர்த்தக் குடங்கள் வாத்திய கோஷத்தோடு மாட வீதி வழியே ஊர்வலமாய் எழுந்தருளும். அந்த ஒருநாள் ஊர்வலத்துக்குக் கூட்டம் கூடுகிறது. மற்றை நாட்களில் நம்பிகளின் வம்சத்தார் ஆகாச கங்கையினின்று தீர்த்தம் கொண்டுவருவது விடியற்காலை இருளில், பெரும்பாலோர் பார்க்காமலே நடந்துவிடுகிறது.

இருபதாம் நாள் காலையில் திண்ணையில் கவிழ்ந்திருந்த குடத்தை எடுத்துப் புளியிட்டுத் துலக்கினோம். தோட்டத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் மலையாளிப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் சாமிக்குக் குழாய்த் தண்ணீர்தானா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று உள்ளூற அஞ்சினோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுனைக்கு இறங்கும் வழியில், மழையில் வழுக்கும் அந்தப் பாறையின் குறுக்கே தட்டையான கல் ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. எப்போது போட்டீர்கள் என்று கேட்டோம். ஐயா வராமல் போன மூன்றாம் நாளே போட்டுவிட்டதாகச் சொன்னார்.